நாய்க்கடி ஊசி தோலிலேயே நின்றுவிட்டதா? கையில் கொசு கடித்த மாதிரி ஒரு மேடு மட்டும்தான்

தெருமுனை_வீட்டுக்காரன்

போன வெள்ளிக்கிழமை ராத்திரி வேலை முடிந்து வந்து வீட்டு கேட்டைத் திறக்கும்போது தெருநாய் ஒன்று கெண்டைக்காலில் கடித்துவிட்டது. இரண்டு பல் நன்றாகப் பதிந்து ரத்தம் வந்தது. அம்மா மஞ்சள் பொடி டப்பாவோடு ஓடி வந்தார், நல்ல வேளை அக்கா தடுத்து, குழாயடியில் உட்கார வைத்து கால்மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவ வைத்தாள். அப்புறம் அரசு மருத்துவமனை. கடித்த இடத்துக்குள்ளேயும் அதைச் சுற்றியும் நாலைந்து முறை குத்தினார்கள் (உயிர் போய் உயிர் வந்தது), ஒரு டி.டி. போட்டார்கள். கடைசியில்தான் நாய்க்கடி ஊசி.

என் சந்தேகம் அந்தக் கடைசி ஊசியில்தான். அம்மா இன்சுலின் போடும் சிரிஞ்ச் மாதிரி ஒல்லியான ஒன்று. இரண்டு தோளிலும் ஒவ்வொரு சொட்டு. ஊசியைத் தோலோடு படுக்க வைத்துக் குத்தினார்கள், கொசு கடித்த மாதிரி ஒரு மேடு எழும்பியது, கொஞ்ச நேரத்தில் அமுங்கிவிட்டது. "இவ்வளவுதானா சிஸ்டர்?" என்றேன். "இவ்வளவுதான், திங்கட்கிழமை வாங்க" என்றார்.

பக்கத்து வீட்டு அண்ணனை இதே நாய் (அப்படித்தான் அவர் சொல்கிறார்) போன வருஷம் கடித்தபோது அவர் கிளினிக்கில் போட்டுக்கொண்டார். ஒரு முழு பாட்டிலும் கைச் சதையில், நேராக, மொத்தம் 5 தடவை. அவர் சொல்வது: "உனக்கு மருந்து உள்ளே போகவே இல்லடா, தோலிலேயே நின்னுடுச்சு. ஒரு பாட்டிலை ஊருக்கே பிரிச்சுப் போடுறாங்க." ஆயாவைக் கேட்டால் அவர் வேறு கதை: "எங்க காலத்துல தொப்புளைச் சுத்தி 14 ஊசி, அதைப் போட்டாத்தான் விஷம் இறங்கும்." ஒரே நாய்க்கடிக்கு ஆளுக்கு ஓர் இடம். எது சரி?

இன்னொன்று. திங்கட்கிழமை போனபோது வலது கையில் மேடு வந்தது, இடது கையில் வரவில்லை. அந்த சிஸ்டர் உடனே ஊசியை எடுத்து ஓர் அங்குலம் தள்ளி மறுபடி போட்டார். அப்படியானால் எனக்கு மூன்று ஊசி ஆகிவிட்டதே, அதிகமானால் ஏதாவது செய்யுமா? பேசாமல் பணத்தைக் கட்டி வெளியில் முதலிலிருந்து போட்டுக்கொள்ளலாமா என்று இருக்கிறது.

ஓய்வுபெற்ற_செவிலியர்

தம்பி, முதலில் அக்காவுக்கு ஒரு நன்றி சொல்லுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி என்று எதையாவது அப்பிக்கொண்டு வருகிறவர்களின் காயத்தைக் கழுவியே என் பாதி வேலைநாள் போயிருக்கிறது. அப்புறம், உங்களுக்கு ஊசி சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள். தோலில் "நின்றுவிடவில்லை", அங்கே நிற்க வேண்டும் என்றுதான் போட்டது.

தோல் என்று நாம் சொல்வது ஒரே துணி அல்ல. மேலே இருப்பது மேல்தோல், காகிதம் போல மெல்லியது, ரத்தக் குழாயே கிடையாது, சொறிந்தால் உதிர்வது அதுதான். அதற்குக் கீழே உள்தோல், கெட்டியானது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பதனிட்டுச் செருப்பாக்குகிறார்களே, அது ஆட்டின், மாட்டின் உள்தோல்தான், மேல்தோலையும் முடியையும் உரித்தெடுத்துவிடுவார்கள். நம் உடம்பில் ஊசி போடும் இடங்களில் இந்த இரண்டும் சேர்ந்தே சுமார் 2 மில்லிமீட்டர்தான். அதன் கீழே கொழுப்பு, ஆளுக்கு ஆள் மாறும், என்னைப் போன்றவர்களுக்குத் தாராளம். அதற்கும் கீழே சதை.

இப்போது உங்கள் ஊசி. உள்தோல் என்பது எல்லைக் காவல். வெளியிலிருந்து எது உள்ளே வந்தாலும் பிடித்துக்கொண்டு போய், அக்குளில் இருக்கும் நெறிக்கட்டி வரைக்கும் சேதி சொல்கிற செல்கள் அங்கே நெருக்கமாக இருக்கின்றன. சதையில் அப்படி இல்லை. அதனால்தான் சதையில் ஒரு முழு பாட்டில் செய்கிற வேலையை உள்தோலில் 0.1 மில்லி செய்துவிடுகிறது. தாய்லாந்தில் செஞ்சிலுவைச் சங்கத்துக்காரர்கள் செய்து காட்டிய முறை இது. இந்தியாவில் 2006-இல் அனுமதித்தார்கள். கடித்து முதல் ஊசி போடும் நாளை 0 என்று எண்ணி 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் இரண்டு கையிலும் 0.1 மில்லி. பாட்டில் அரை மில்லியோ ஒரு மில்லியோ, தோலில் போடும் அளவு இதே 0.1-தான்.

அந்த மேட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இந்த ஊசியின் உயிரே அதில்தான் இருக்கிறது. ஊசி முனையின் சாய்வாக வெட்டிய வாய் மேலே பார்க்க வேண்டும், தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு கிட்டத்தட்டப் படுக்க வைத்து, 10, 15 டிகிரிக்கு மேல் தூக்காமல், வாய் மறைகிற அளவுக்கு மட்டும் நுழைக்க வேண்டும். அமுக்கும்போது பிஸ்டன் கெட்டியாக எதிர்க்கும். வெண்ணெயில் போகிற மாதிரி வழுக்கிக்கொண்டு போனால் கை தப்பிவிட்டது, கொழுப்பில் இறங்கிவிட்டது என்று அர்த்தம். சரியாக இருந்தால் வெளுத்த மேடு எழும்பும், அதன் மேல் சாத்துக்குடித் தோல் மாதிரி குழி குழியாகத் தெரியும். மேடு வரவில்லையா, எடுத்துவிட்டுப் பக்கத்தில் இன்னொன்று போட வேண்டும், அதுதான் விதி. உங்கள் இடது கையில் அந்தப் பெண் செய்தது அதைத்தான். நான் அந்த இடத்தில் அதிகாரியாக இருந்தால் அவரைக் கூப்பிட்டுப் பாராட்டுவேன், நீண்ட வரிசை நிற்கிற நேரத்தில் "சரி போகட்டும்" என்று விட்டுவிடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். கூடுதலாகப் போன ஒரு சொட்டு ஒன்றும் செய்யாது.

ஆயா சொல்வதும் பொய்யில்லை. அது 1911-இல் கசௌலியில் டேவிட் செம்பிள் என்பவர் உண்டாக்கிய பழைய மருந்து. வெறிநோய்க் கிருமியை ஆட்டு மூளையில் வளர்த்து, செயலிழக்க வைத்துச் செய்வது. நம் குன்னூரிலும் தயாரித்தார்கள். ஒவ்வொரு ஊசியும் மில்லிக் கணக்கில் இருக்கும், அதைத் தினமும் போட வேண்டும், அவ்வளவையும் தாங்குகிற இடம் வயிறு என்பதால் தொப்புளைச் சுற்றித் தோலடிக் கொழுப்பில் போட்டார்கள். மற்றபடி தொப்புளுக்கும் விஷத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மூளைத் திசு கலந்த மருந்து என்பதால் சிலருக்குக் கை கால் விழுந்துபோவதும் உண்டு. 2004, 2005 வாக்கில் அதை நிறுத்தினார்கள். அப்பாடா என்று இருந்தது எங்களுக்கு.

காயத்துக்குள் குத்தியதாகச் சொன்னீர்களே, உயிர் போய் வந்தது என்று, அது தடுப்பூசி இல்லை. அது இம்யூனோகுளோபுலின், ஏற்கெனவே தயாராக இருக்கும் எதிர்ப்புப் பொருள். தடுப்பூசி வேலையைத் தொடங்கி உங்கள் உடம்பு சொந்தமாக ஆயுதம் செய்ய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை கிருமி உட்கார்ந்திருக்கும் இடத்திலேயே அதை மடக்க வேண்டும், அதனால்தான் ஒவ்வொரு பல் பதிந்த குழிக்குள்ளும் செலுத்துவது. ரத்தம் வந்த கடிக்கு அதுதான் முக்கியம். உங்கள் அண்ணனுக்குப் போன வருஷம் அதைப் போட்டார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

மருந்துக்கடை_மேசை

அக்கா சொன்னதோடு ஒரு கணக்கு மட்டும். தோலில் போட்டால் ஓர் ஆளுக்கு 4 நாளைக்கும் சேர்த்து 0.8 மில்லி. சதையில் போட்டால் 0, 3, 7, 14, 28 என்று 5 நாள், 5 பாட்டில். இருப்பு குறைந்த காலத்தில் இந்த வித்தியாசம் என்ன என்பது கடையில் நிற்கிறவனுக்குத் தெரியும்.

ஆனால் கிளினிக்காரரும் ஏமாற்றவில்லை. பாட்டிலில் மருந்தைக் கரைத்துவிட்டால் குளிரில் வைத்து 6 முதல் 8 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், மிச்சம் குப்பைக்குத்தான். நாளுக்கு ஒருவர் வருகிற இடத்தில் தோலில் போட்டுவிட்டு மீதியைக் கொட்டுவதில் அர்த்தம் இல்லை. இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும், சதையில் போடுவது கை பழகாதவர்களையும் மன்னிக்கும். தோலில் போடும்போது 0.1 மில்லியில் பாதி வெளியே கசிந்தால் பாதி டோஸ் போச்சு. எனவே பழகிய கை இருக்கிற இடத்தில் தோலூசி, இல்லாத இடத்தில் சதை ஊசி என்பது என் கருத்து. நீங்கள் போன இடத்தில் கை பழகியிருக்கிறது, மாற்றாமல் அங்கேயே முடியுங்கள். ஸ்டீராய்டு, புற்றுநோய் மருந்து, மலேரியா மாத்திரை இப்படி ஏதாவது சாப்பிடுகிறவராக இருந்தால் மட்டும் டாக்டரிடம் வாய் திறந்து சொல்லிவிடுங்கள்.

இடுப்பில் போடச் சொல்லிக் கேட்கிறவர்கள் வாரத்துக்கு ஒருவராவது வருகிறார்கள், கை வலிக்குமாம். நாய்க்கடி ஊசியை இடுப்பில் போடவே கூடாது. அங்கே கொழுப்பு அதிகம், ஊசி சதைக்கே போகாமல் கொழுப்பில் தங்கி, எதிர்ப்பு சரியாக உண்டாகாமல் போகலாம்.

தெருமுனை_வீட்டுக்காரன்

ரொம்ப நன்றி, ராத்திரி தூக்கம் வரும். அண்ணனிடம் கேட்டேன், காயத்தில் ஊசி எதுவும் போட்ட ஞாபகம் இல்லையாம். அவருக்கு லேசான கீறல்தான், ரத்தம் வரவில்லை என்கிறார்.

தோல், கொழுப்பு, சதை என்று படித்ததும் இன்னொரு கேள்வி வந்துவிட்டது. அம்மா மூன்று வருஷமாகத் தொப்புளுக்கு வலப் பக்கம் ஒரே இடத்தில்தான் இன்சுலின் போடுகிறார். அங்கே கொழுக்கட்டை மாதிரி ஒரு வீக்கம். கேட்டால் "அங்க குத்தினா வலியே தெரியல" என்கிறார். சர்க்கரை ஒரு நாள் 110, மறுநாள் 290. டோஸ் அதேதான், சாப்பாடும் கிட்டத்தட்ட அதேதான். இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்குமா?

இன்சுலின்_19_வருஷம்

இருக்கிறது, நிறைய இருக்கிறது. உங்கள் அம்மா எழுதியிருந்தால் நான் எழுதியது என்றே நினைத்திருப்பேன், எனக்கும் அதே வலப் பக்கம்தான், அதே கொழுக்கட்டைதான்.

இன்சுலின் கொழுப்புக்குள் போக வேண்டிய மருந்து. கொழுப்பில் ரத்த ஓட்டம் குறைவு, மெதுவாக உறிஞ்சும், அந்த மெதுவான வேகத்தை வைத்துத்தான் டாக்டர் யூனிட் கணக்குப் போடுகிறார். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால், இன்சுலினே கொழுப்பை வளர்க்கிற பொருள் என்பதால், அங்கே கொழுப்பு தடித்துக் கட்டியாகிவிடும். அந்தக் கட்டியில் உணர்ச்சி குறைவு, வலிக்காது. வலிக்காததால் மறுபடி அங்கேயே. கட்டிக்குள் போன இன்சுலின் எப்போது வெளியே வரும் என்று அதற்கே தெரியாது, ஒரு நாள் வரும், ஒரு நாள் பாதி வரும். 110-உம் 290-உம் இப்படித்தான்.

இடத்தை மாற்றச் சொல்லுங்கள், ஆனால் டாக்டரைப் பார்க்காமல் அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். கட்டியில் போட்ட அதே யூனிட்டை நல்ல இடத்தில் போட்டால் முழுதாக வேலை செய்து சர்க்கரை தடாலென்று இறங்கிவிடலாம். எனக்கு டோஸைக் குறைத்துத்தான் மாற்றினார்கள். இப்போது வயிற்றை நாலு பாகமாக மனசில் கோடு போட்டு வைத்திருக்கிறேன், வாரம் ஒரு பாகம், அதற்குள்ளும் ஒவ்வொரு நாளும் ஒரு விரல் தள்ளி, தொப்புளைச் சுற்றி இரண்டு விரலை விட்டுவிட்டு. வயிற்றில் போட்டால் சீக்கிரம் ஏறும், தொடையில் போட்டால் மெதுவாக. காலையில் வயிறு என்றால் தினமும் காலையில் வயிறுதான், இன்றைக்கு வயிறு நாளைக்குத் தொடை என்று மாற்றினால் கணக்கு கெடும்.

அப்புறம் ஊசியின் நீளம். தோல் 2 மில்லிமீட்டர்தான் என்று மேலே செவிலியர் அம்மா சொல்லிவிட்டார்கள், குண்டானவர்களுக்கும் ஒல்லியானவர்களுக்கும் அதில் பெரிய வித்தியாசம் கிடையாது. அதனால் பேனா ஊசியில் 4 மில்லிமீட்டரே எல்லோருக்கும் போதும், நேராகக் குத்தலாம். சிரிஞ்சில் 6, 8 என்று நீளமாக இருந்தால் இரண்டு விரலால் தோலைத் தூக்கிப் பிடித்துக் குத்த வேண்டும், ஒல்லியானவர்கள் கொஞ்சம் சாய்த்து. பல வருஷம் முன்னால் நான் எலும்பும் தோலுமாக இருந்தேன், வீட்டுக்காரர் உதவுகிறேன் என்று பழைய நீள ஊசியைக் கையில் நேராக இறக்கிவிட்டார். சதைக்குள் போய்விட்டது போல. சதையில் ரத்த ஓட்டம் அதிகம், போதாததற்கு நான் உடனே துணி துவைக்க உட்கார்ந்தேன். அரைமணி நேரத்தில் கை நடுங்கி, வேர்த்து, வாளியைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்தேன். சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து எழுப்பினார்கள். அன்றிலிருந்து அவருக்கு ஊசியைத் தொட அனுமதி இல்லை.

பாட்டிலும் சிரிஞ்சும் பொருந்துகிறதா என்றும் ஒரு தடவை பாருங்கள். நம் ஊரில் பாட்டில் பெரும்பாலும் யு-40, அதாவது ஒரு மில்லியில் 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். ஆரஞ்சு மூடி யு-100-க்கு. சிவப்பு மூடி சிரிஞ்சில் யு-100 மருந்தை எடுத்தால் நினைத்ததைப் போல இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு குத்தினால் எரியும், கொஞ்சம் வெளியே வைத்துவிட்டுப் போடட்டும். போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. பேனா என்றால் அமுக்கிவிட்டுப் பத்து எண்ணி அப்புறம் எடுக்க வேண்டும், என் அம்மாவுக்கு ஆறுக்கு மேல் பொறுமை இருக்காது, சொட்டு வெளியே நிற்கும்.

கைக்குழந்தைக்காரி

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும், ஊசிப் பேச்சு என்பதால் கேட்கிறேன். பையனுக்கு இரண்டு மாதம் ஆகிறது. பிறந்ததும் இடது தோளில் பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசி) போட்டார்கள், ஒன்றும் தெரியவில்லை. இப்போது திடீரென்று பழுத்து, சீழ் மாதிரி வருகிறது. மாமியார் ஊசியைத் தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்கிறார். களிம்பு தடவலாமா?

ஓய்வுபெற்ற_செவிலியர்

களிம்பைக் கீழே வை கண்ணு. சரியாகப் போட்டதால்தான் பழுக்கிறது. பி.சி.ஜி.யும் உள்தோலில் போடுவதுதான், பிறந்த குழந்தைக்கு 0.05 மில்லி. உயிருள்ள, ஆனால் வீரியம் குறைத்த கிருமி. இரண்டு மூன்று வாரத்தில் ஒரு சிறு கட்டி, அப்புறம் பழுத்து உடைந்து, பொருக்குத் தட்டி, மூன்று மாதம் போல ஆனால் தானாக ஆறித் தழும்பாகும். சுத்தமாக வைத்துக்கொண்டால் போதும், பிதுக்காதே, எதையும் தடவாதே. கை தப்பி ஆழமாகக் கொழுப்புக்குள் போய்விட்டால்தான் தொல்லை, பெரிய சீழ்க்கட்டி வரலாம். அக்குளில் நெறி பெரிதாக வீங்கினால் மட்டும் டாக்டரிடம் காட்டு. தழும்பே வரவில்லை என்று பதறி வருகிறவர்களும் உண்டு, அதற்காக மறுபடி போடுவதில்லை.

உன் பையனுக்கு ஒன்பதாம் மாதம் ஊசிக்குப் போகும்போது கவனித்துப் பார், ஒரே நாளில் மூன்று அடுக்கிலும் போடுவார்கள். போலியோ ஊசி தோளில் உள்தோலுக்குள், 0.1 மில்லி, மேடு எழும்பும். தட்டம்மை ரூபெல்லா ஊசி கையில் கொழுப்புக்குள், சாய்த்து. நிமோனியா ஊசி தொடைச் சதைக்குள், நேராக. அதில் அலுமினிய உப்பு கலந்திருக்கிறது, எதிர்ப்பைத் தூண்ட. அதைத் தோலில் போட்டால் புண்ணாகி முடிச்சு முடிச்சாக நின்றுவிடும், சதைதான் தாங்கும். எங்களுக்குப் பயிற்சி கொடுத்த மேடம், எந்த மருந்தை எந்த அடுக்கில் வைக்க வேண்டும் என்று அந்த மருந்துதான் சொல்லும், நீ சொல்லாதே என்பார். அப்போது எரிச்சலாக இருக்கும்.

வீட்டில் யாருக்காவது காசநோய் சோதனைக்கு முன்கையில் மாண்டூ ஊசி போட்டிருந்தால் அதுவும் இதே மேடுதான், ஆனால் பார்க்கும் முறை வேறு. 48 மணியிலிருந்து 72 மணி நேரத்துக்குள் போய்க் காட்ட வேண்டும். எவ்வளவு சிவந்திருக்கிறது என்பதைப் பார்க்க மாட்டார்கள், எவ்வளவு தூரம் கெட்டியாகியிருக்கிறது என்று விரலால் தடவி அளப்பார்கள். சிவப்பைப் பார்த்துவிட்டு வீட்டிலேயே அழ ஆரம்பிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

தெருமுனை_வீட்டுக்காரன்

இன்றைக்கு ஏழாம் நாள் ஊசி முடிந்தது. இரண்டு கையிலும் மேடு வந்தது, சாத்துக்குடித் தோல் மாதிரியே இருந்தது, போட்டோ எடுத்து வைத்தேன். அந்த சிஸ்டரிடம் திங்கட்கிழமை மறுபடி போட்டதற்கு நன்றி சொன்னேன், அவருக்கு எதற்கு என்றே புரியவில்லை, பின்னால் இன்னும் முப்பது பேர் நின்றார்கள்.

அம்மாவின் சிரிஞ்சைப் பார்த்தேன், சிவப்பு மூடி, யு-40 பாட்டில், பொருந்துகிறது. இடம் மாற்றச் சொன்னேன், "புது இடத்துல வலிக்கும்டா" என்கிறார். செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய் அந்தக் கட்டியைக் காட்டுகிறேன்.

நாய் கேட்டுக்கு வெளியேதான் படுத்திருக்கிறது, நன்றாகச் சாப்பிடுகிறது. 10 நாள் அது நல்லபடியாக இருந்தால் ஊசியை நிறுத்தலாம் என்கிறார்களே, நிறுத்தலாமா?

ஓய்வுபெற்ற_செவிலியர்

கடித்த நாய் அதுதான் என்று உங்களால் சத்தியம் செய்ய முடியுமா? ராத்திரியில், கேட் பக்கம், வலியில். 28-ஆம் நாள் போய்ப் போட்டுவிட்டு வாருங்கள் தம்பி.